வாசலில் கிடந்த எட்டாம் நம்பர்

கற்பிட்டியில் அலியார் நானாவின் செருப்புக் கடைக்கு நான் முதன்முதலாகப் போனது எனக்கு வேலை கிடைத்த கிழமையில். 2010ஆம் ஆண்டு, மாம்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம். அம்மா எனக்கென்று ஆறு சாறி சேர்த்து வைத்திருந்தார். ஆறு சாறிக்கும் ஆறு சோடி செருப்பு வேண்டும் என்பது என் எண்ணம். சாறியின் நிறம் ஒவ்வொன்றையும் கடதாசியில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டு வைக்கலாம் போல இருக்கிறது.

கடையில் நின்ற குணேஸ்வரி அந்தக் கடதாசியை வாங்கி முழுவதும் வாசித்தார். சிரிக்கவில்லை. மடித்து என் கையிலேயே தந்தார்.

"டீச்சர் எத்தினை இடத்துக்குப் போவியள்?"

எனக்கு விளங்கவில்லை. சாறி ஆறு என்றேன். சாறியைக் கேட்கவில்லை, போகிற இடத்தைக் கேட்கிறேன் என்றார். நான் விரல் மடித்து எண்ணினேன். பள்ளிக்கூடம், பூசைக்குக் கோயில், கல்யாண வீடு, செத்த வீடு, கல்விக் கந்தோர், ஆஸ்பத்திரி, புத்தளம் பஸ். ஏழு இடம் வந்தது. ஏழு இடத்துக்கு இரண்டு சோடி காணும் என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார். வியாபாரம் செய்யத் தெரியாத ஒரு ஆளை இந்த நானா ஏன் வைத்திருக்கிறார் என்று நான் யோசித்தேன்.

முதலாவது கறுப்பு. முன்பக்கம் மூடியது, குதி இரண்டு விரல் உயரம், ஆனால் அகலமானது. எனக்குப் பிடித்திருந்தது பக்கத்தில் இருந்த ஒல்லிக் குதி. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கிற மணலில் நாலு எட்டு வைத்துவிட்டு வரச் சொன்னார். போனேன். இரண்டாவது எட்டிலேயே குதி மணலுக்குள் போய் நின்றது, நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து அகலக் குதியையே எடுத்தேன். ஒட்டிய அடி வேண்டாம், தைத்த அடி பாருங்கள், மணல் புகுந்தால் பசை விடும் என்றார். தங்க நிறக் கொளுக்கி வைத்தது ஒன்றையும் காட்டினேன். இந்த உப்புக் காற்றுக்கு ஒரு மாதத்தில் பச்சை பிடித்துவிடும் என்று அதையும் திருப்பி வைத்தார்.

இரண்டாவது சோடிக்குத்தான் நேரம் எடுத்தது. வார் வைத்த செருப்பு நாலு எடுத்து வந்து, ஒவ்வொன்றாக என் காலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நாலும் மண்ணிறம்தான், ஆனால் நாலு மண்ணிறம். நான் வெளிர் நிறத்தைத் தொட்டேன். அதை மெதுவாக அப்பால் தள்ளிவிட்டு அதிலிருந்து மூன்றாவதாக இருந்ததை எடுத்தார். என் நிறத்தைப் பற்றி எனக்கு இருந்த நல்ல அபிப்பிராயம் அன்றோடு போனது.

"சாறிக்குப் பொருத்தம் பாத்தா ஆறு சோடி வேணும், டீச்சர். காலுக்குப் பொருத்தம் பாத்தா ஒண்டு காணும்."

காலின் நிறத்திலேயே செருப்பு இருந்தால் எந்தச் சாறிக்குக் கீழும் அது உறுத்தாது. கால் நீளமாகத் தெரியும், செருப்பு கண்ணுக்குத் தெரியாது. இதை அவர் விளக்கிச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு என் உடம்பில் ஏறியது எல்லாம் அவர் தெரிவுதான். கைப்பை கடுங்காப்பி நிறம், இரண்டு கைபிடி, மடித்த குடையும் தண்ணீர்ப் போத்தலும் ஒரு வகுப்பின் கொப்பிகளும் கொள்ளவேண்டும். பை பூட்டுகிற சிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், இரும்புச் சிப் கடற்காற்றுக்கு இறுகிவிடும். கைமணிக்கூடு சின்ன முகம், கறுப்பு வார். தோடு ஒற்றை முத்து. செத்த வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடிய தோடு கல்யாண வீட்டிலும் நிற்கும், மற்றப் பக்கமாக நிற்காது என்பது அவர் சட்டம். குடை மட்டும் என் விருப்பம் என்று விட்டுத் தந்தார். நான் ரோசாப்பூப் போட்ட குடை ஒன்று எடுத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கடைக்கு வருகிற பெண்களில் அதிகமானவர்கள் ஹபாயா போட்டவர்கள். அவர்களுக்குச் செருப்பு எடுக்கும்போது குணேஸ் அக்கா எடுக்கிற நேரத்தை நான் வேறெங்கும் காணவில்லை. கறுப்புத் துணி முழுக்க மூடியிருக்கும்போது பார்க்கிறவர் கண்ணில் படுவது செருப்பும் கைப்பையும் மணிக்கூடும்தான். அந்த மூன்றும்தான் அந்தப் பெண்ணின் விருப்பம் சொல்கிற இடம். அதில் பிழை விடக்கூடாது என்பார். கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர்கள் கூட குணேஸ் இருந்தால் மட்டும் உள்ளே வருவார்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுவார்கள். நானாவுக்கு அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

எல்லாருக்கும் இடம் எண்ணிக் கொடுக்கிற குணேஸ் அக்காவுக்கு எத்தனை இடம் என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடை, பஸ், வீடு என்றார். மூன்று இடத்துக்கு ஒரு சோடி. அதையும் வருடக் கடைசியில்தான் மாற்றுவார்.

அவர் கிளிநொச்சிப் பக்கம். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து, மடு, மன்னார் என்று ஒவ்வொரு இடமாக ஒதுங்கி, தாயும் மகளுமாகப் புத்தளத்துக்கு வந்தவர்கள். தாய் 2008இல் தவறிவிட்டார். ஒரே அண்ணன் பிரான்சில். முதலில் மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தவர், பிறகு தைப்பொங்கலுக்கு மட்டும் எடுத்தார், பிறகு நம்பரே மாறிவிட்டது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்று சனம் சாமான் கட்டியபோது அக்கா போகவில்லை. போய் யாரைப் பார்க்கிறது என்றார். எத்தாளையில் ஆசியா உம்மாவின் வளவுக்குள், பின்பக்கம் இருந்த சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தார். வயது முப்பத்தெட்டு.

நான் அடிக்கடி அங்கே போவேன். அவர் வாழ்க்கையில் குறை என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை, ஒரு ஆளைத் தவிர. அதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, அவரே சொன்னது. சமைக்கும்போது உப்பு காணுமா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

தனியே இருக்கிற பெண்ணின் வாசலை எங்கள் கரையில் எல்லாரும் வாசிப்பார்கள். இங்கே யாரும் செருப்போடு வீட்டுக்குள் ஏறுவதில்லை. அதனால் வாசலைப் பார்த்தாலே உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வாசலில் ஒரு சோடி பெண் செருப்பு மட்டும் எப்போதும் கிடந்தால், அந்த வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். அக்கா குடிவந்த மூன்றாம் மாதம், ஒரு பின்னேரம், குடித்துவிட்டு வந்த ஒருவன் படலையில் சாய்ந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். ஆசியா உம்மா விளக்குமாறோடு வந்து அவனைத் துரத்திவிட்டு, அக்காவை உட்கார வைத்து ஒரு யோசனை சொன்னார்.

"புள்ள, ஆம்பிளச் செருப்பு ஒரு சோடி வாசல்ல கிடக்கட்டும். எங்கட மனிசன் மவுத்தாகிப் பன்னெண்டு வருசம், அவர்ர செருப்பு இன்னும் கிடக்கு. ஒருத்தனும் படி மிதிக்கிறல்ல."

உம்மா சொன்னது புது யோசனை இல்லை. எங்கள் பக்கத்தில் புருசன்மார் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளிலும், ஆழ்கடலுக்குப் போய் நாட்கணக்கில் வராத வீடுகளிலும் செய்கிறதுதான். ஆனால் அக்கா அதைச் செய்த விதம் வேறு. செருப்புக் கடையில் வேலை செய்கிற ஆள் அல்லவா.

றப்பர் செருப்பு வேண்டாம் என்று தீர்மானித்தார். அதை ஆணும் போடலாம், பெண்ணும் போடலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மூடிய சப்பாத்தும் வேண்டாம், அது வந்து போகிற ஆளுடையது, வீட்டு ஆளுடையது இல்லை. தோல் வார் வைத்த, கடும் மண்ணிறச் செருப்பு. நம்பர் எட்டு. ஏழு என்றால் தம்பிமாருடையது என்று நினைப்பார்கள், பத்து என்றால் நம்ப மாட்டார்கள். புதிதாக வைத்தால் பிடிபட்டுவிடும் என்று அலியார் நானாவை ஒரு கிழமை போட்டு நடக்கச் சொன்னார். நானா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு கடைக்குள் அந்தச் செருப்போடு மேலும் கீழும் நடந்தார். ஐந்து விரலும் குதியும் பதிந்த பிறகுதான் அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அதோடு விடவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு விதமாக வைப்பார், வந்தபின் வேறு விதமாகத் திருப்புவார். ஒரே மாதிரிக் கிடந்தால் போட ஆளில்லை என்று விளங்கிவிடும். மழை பெய்தால் தன் செருப்போடு அதையும் நனைப்பார். சில நாள் ஒன்றை நேராகவும் மற்றதைக் கொஞ்சம் சரித்தும் விடுவார், அவசரத்தில் கழற்றிய ஆள் போல. பாருங்கோ அக்கா, இல்லாத மனிசனுக்கு என்ன பணிவிடை என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். அவரும் சிரிப்பார். ஒரு பெண்ணுக்குக் கட்டாயம் தேவையானது என்ன என்று அவரிடம் கேட்டால் கறுப்பு ஒன்று, காலின் நிறத்தில் ஒன்று, எட்டாம் நம்பர் ஒன்று என்பார். நான் அங்கே போய்வந்து போய்வந்து, அந்தச் செருப்பு என் கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. படிக்கல்லைப் பார்ப்பதுபோல அதையும் பார்த்துத் தாண்டிப் போவேன்.

2012இல் தியாகராசா வந்தார். வண்ணாத்திவில்லுப் பக்கம் இருந்து செவ்வாயும் வியாழனும் லொறி கொண்டுவந்து, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பூசணியும் வெங்காயமும் ஏற்றுகிறவர். அவரும் வன்னியில் இருந்து வந்தவர்தான். மனைவி யுத்த காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. வயது நாற்பத்தைந்து இருக்கும். அதிகம் பேச மாட்டார். கடைக்கு வந்து முதலில் ஒரு சோடி செருப்பு வாங்கினார். அடுத்த மாதம் இன்னொரு சோடி. அதற்கு அடுத்த மாதம் மழைக்கு என்று ஒன்று. ஒரு மனிசனுக்கு வருடத்துக்கு எத்தனை செருப்பு வேண்டும் என்று நானா வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அன்றைக்கு அவர் குடை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் எந்த ஊர் என்று அக்கா கேட்டதும், தன் ஊருக்கும் அவர் ஊருக்கும் இடையில் ஒரு குளம்தான் என்று கண்டுபிடித்ததும், பிறகு செவ்வாயும் வியாழனும் அக்கா தலையைக் கொஞ்சம் கவனித்துப் பின்னியதும் எனக்குத் தெரியும். அவர்கள் என்ன கதைத்தார்கள் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. குளத்தில் தண்ணீர் எவ்வளவு, அந்தப் பக்கம் இப்போது பஸ் ஓடுகிறதா என்பதுதான். ஒருநாள் அக்காவின் கட்டிலுக்குக் கீழே புதுச் செருப்புப் பெட்டி ஒன்றைக் கண்டேன். திறந்து பார்த்தேன், கேட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. மெல்லிய வார் வைத்தது, அவர் காலின் நிறமே. மூன்று இடத்துக்கு ஒரு சோடி காணும் என்ற ஆளுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"நாலாவது இடம் ஒண்டு வந்தாலும் வரும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு காரியத்தைப் பெரியவர்கள்தான் கதைக்க வேண்டும். ஆணுக்கு ஒரு மாமனோ சித்தப்பாவோ போய்க் கேட்பார், பெண்ணுக்கு ஒரு அண்ணனோ அத்தையோ பதில் சொல்வார். இந்த இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஆள் மிஞ்சவில்லை. ஒருவர் வாய் திறக்க மற்றவர் காத்திருந்தால் இரண்டு பேரும் கிழவராகிவிடுவார்கள் என்று எனக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடம் மாசி மாதத் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, மாம்புரிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற என்னைக் கண்டு தியாகராசா லொறியை நிறுத்தினார். இறங்கி வந்து, துவாயைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குணேஸ்வரிக்காகக் கதைக்க ஆர் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, அக்கா தனியத்தான் இருக்கிறா, நீங்கள் நேரே போய் அவவிடமே கேளுங்கள் என்றேன். அது சரியாக இருக்குமோ என்று தயங்கினார். எல்லாம் சரியாக இருக்கும், வெள்ளிக்கிழமை கடை பூட்டு, பின்னேரம் போனால் வீட்டில் இருப்பா என்று வழியும் சொன்னேன். ஆசியா உம்மாவின் வளவு, நீலப் படலை, பின்னால் இருக்கிற சின்ன வீடு.

இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. வருகிறேன் என்ற ஆள் வராமல் போனால் அவருக்கு நோகும் என்று நினைத்தேன். வந்தால் அதுவாகவே தெரியட்டும் என்று விட்டேன். வியாழக்கிழமை நான் விடைத்தாள் திருத்தச் சிலாபத்துக்குப் போய்விட்டேன். அங்கே பத்து நாள்.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். அக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை, எப்போதும் போல ஒரு பிள்ளைக்குக் கோயிலில் முதல் திருவிருந்துக்குப் போடுகிற வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த செவ்வாய் லொறி வந்தது, ஆனால் வேறு சாரதி. தியாகராசா அண்ணன் வேறு பக்கம் ஓடுகிறார் என்றான். அக்காவின் தலை பழையபடி கொண்டையாகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சந்தியில் நின்று துவாயைப் பிசைந்த ஆள், வழி கேட்டுக்கொண்டு போன ஆள், கடைசியில் பயந்து ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினேன். லொறிக்காரர்களை நம்பக்கூடாது, அவனவனுக்குப் பாதை நெடுக ஒரு வீடு இருக்கும் என்று அக்காவுக்கு முன்னாலேயே சொன்னேன். அப்படி இருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை என்று மட்டும் ஒருதரம் சொன்னார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தப் புதுச் செருப்புப் பெட்டி கடைத் தட்டில் இருந்தது. ஒரு நாளும் போடாத சோடி. நுரைச்சோலையில் இருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அக்காவே அதை எடுத்துக் கொடுத்தார், வார் எத்தனையாவது துளையில் நிற்க வேண்டும் என்றும் குனிந்து காட்டினார். என்னால் அந்தக் கடையில் நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் போனது. எனக்குக் கல்யாணமானது, கறுப்புச் செருப்பு இரண்டு தடவை மாறியது. அக்கா மூன்று இடத்துக்குப் போய்வந்தபடி இருந்தார். ஆசியா உம்மா வெள்ளிக்கிழமைகளில் புத்தளத்தில் இருக்கிற மகளிடம் போய்விடுவார், அன்றைக்கு வளவு முழுக்க அக்கா ஒருவர்தான். வெள்ளிதான் நீளமான நாள் என்பார். கடையில் நிற்கிற நாட்களில் நூறு பேருடைய காலைப் பிடித்துவிட்டு, வெள்ளியில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு, சனி காலையில் நானாவுக்கு சலாம் சொல்லும்போது தொண்டை அடைக்கும் என்று ஒருமுறை சொன்னார். தொண்டையைச் செருமிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2015 ஆவணியில் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போயிருந்தேன். அங்கே எல்லாச் சமயத்துச் சனமும் வரும். வளையல் கடைக்குப் பக்கத்தில் தியாகராசா அண்ணனைக் கண்டேன். கூட ஒரு பெண், அவள் தோளில் ஒரு கைக்குழந்தை. நான் விடுகிற ஆள் இல்லை. கணவரை நிற்கச் சொல்லிவிட்டு நேரே போய், ஒரு நிமிடம் கதைக்க வேண்டும் என்று அவரை மட்டும் அப்பால் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெண்ணின் மனதைக் கிளப்பிவிட்டு வராமல் இருப்பது என்ன மனிசத்தனம் என்று கேட்டேன். இன்னும் சிலதும் கேட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். நான் மூச்சு வாங்கியபோதுதான் வாய் திறந்தார்.

"நான் வந்தனான், டீச்சர். நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமையே வந்தனான். வாசல்ல ஆம்பிளச் செருப்புக் கிடந்தது."

அவர் மெதுவாகத்தான் சொன்னார், குற்றம் சொல்கிற குரலில் இல்லை. புதுச் செருப்பு என்றால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அது விரல் பதிந்து, நாள்பட்டுக் கிடந்தது. ஆள் வீட்டோடு இருக்கிற ஆள் என்று விளங்கியது. டீச்சருக்கே இது தெரியாது போல என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அந்தப் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. தான் கடைக்கு வந்தால் அக்காவுக்குச் சங்கடம் என்று லொறிப் பாதையையே மாற்றிக்கொண்டார். என்னிடம் இத்தனை வசவு வாங்கிய மனிதன் செய்தது இவ்வளவும்.

அது சும்மா வைத்த செருப்பு என்று நான் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. வளையல் கடைப் பக்கம் அந்தப் பெண் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி அதைச் சொல்லி அவருக்கு என்ன கொடுக்கப் போகிறேன். மன்னியுங்கோ அண்ணன் என்றேன். அவர் நான் திட்டியதற்கு என்று நினைத்து, பரவாயில்லை என்றார்.

அந்தச் செருப்பை அடிக்கடி கண்டவள் நான். அதை எப்படித் தெரிந்தெடுத்தார், நானா எத்தனை நாள் போட்டு நடந்தார் என்று ஆதியோடந்தமாகத் தெரிந்தவள் நான். தனியத்தான் இருக்கிறா என்று சொன்ன வாய்க்கு, வாசலில் ஒரு செருப்புக் கிடக்கும், அதைப் பார்க்காதேயுங்கோ என்று சொல்ல வரவில்லை. அக்காவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு பின்னேரம் அதை எடுத்து உள்ளே வைத்திருப்பார். இரண்டையும் செய்யாதவள் நான். லொறிக்காரனைத் திட்டிய வாயும் இதுதான்.

மூன்று கிழமை சொல்லாமல் இருந்து பார்த்தேன். சொல்லாமல் இருந்தால் அக்காவின் நெஞ்சில் அந்த மனிதன் ஓடிப்போனவனாகவே இருப்பான். சொன்னால் நான் என்னவாக இருப்பேன் என்பதும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போனேன். வாசலில் அக்காவின் செருப்பும் அதற்குப் பக்கத்தில் எட்டாம் நம்பரும் கிடந்தன. அது வேறு சோடி, வருடத்துக்கு ஒன்று மாற்றுவார். நான் என்னுடையதைக் கழற்றி வைக்க இடம் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்கா பிளேன்ரீ ஊற்றித் தந்தார், பனங்கட்டியோடு. நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தியில் அவர் நின்றது, நான் வழி சொன்னது, அவர் வந்தது, பார்த்தது, திரும்பிப் போனது, குழந்தை. என் பிழையையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, திட்டியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டார். ஆண் என்றேன். நல்லது என்றார். பிறகு அது எந்த மாதம் என்று கேட்டார். மாசி, முதல் வெள்ளி, பின்னேரம் என்றேன்.

அவர் கதிரையின் பிடியைத் தடவினார்.

"நாலு மணி இருக்கும்" என்றார். "படலை திறந்து கேட்டது. ஆரோ வந்து வாசல்ல நிண்டவை. உம்மாவும் இல்லை. நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான், டீச்சர், மூச்சுக் காட்டேல்லை. கொஞ்சத்தால திரும்பிப் போற சத்தம் கேட்டுது. அண்டைக்கு எனக்குச் சரியான சந்தோசம், செருப்பு வேலை செய்யுது எண்டு."